மீதி எட்டு குப்பூஸ் நாளைக்கு

முட்டாள்தனம் செய்கிறவர்கள் பொதுவாக அதற்குச் சாட்சி வைத்துக்கொள்வதில்லை. நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனத்துக்கு நானே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். போதாததற்கு ‘பொன்ராஜ், கணக்கு ஆசிரியர், தொடக்கப் பிரிவு’ என்று கீழே தெளிவாக எழுதியும் கொடுத்தேன். நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்குப் பத்துக்கு மூன்று மார்க் போட்டு, இரண்டு வகுப்பு கீழே இறக்கினேன். அதோடு விட்டிருந்தாலாவது போகட்டும் என்று இருக்கலாம். அவள் எழுதிய விடைகளை ஆசிரியர் அறையில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

இதை எழுதச் சொன்னது எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி. சென்ற மாதம் எனக்குப் பிரிவுபசாரம் நடந்தது. பிரியாணி வரத் தாமதமான நேரத்தில் அவர் தன் டேப்லெட்டைத் திறந்து காட்டினார்.

“சார், இனிமே அட்மிஷனுக்கு வர்ற பிள்ளை இதுல இருபது நிமிஷம் தட்டினா போதும். எந்த கிளாஸ்ல போடணும்னு அதுவே சொல்லிடும். உங்க காலத்துல எப்படி சார் பண்ணீங்க?”

“மூணு மேசை போட்டோம்” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆயுள் முழுக்க ஜோக்கடித்தவனுக்கு இதுதான் தண்டனை. உண்மையைச் சொன்னாலும் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்து, “நிஜமாவா சார்? அப்ப எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடுவோம்” என்றார். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தபோது என் கவனம் முழுக்க லெக் பீஸில் இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

என் படிப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி. கரும்பலகையில் கோடு சாயாமல் எழுதவும், முதுகுக்குப் பின்னால் பேசுகிறவன் யார் என்று திரும்பாமலே சொல்லவும் அங்கே கற்றுக்கொண்டேன். பிறகு குவைத்தில் இருந்த சித்தப்பா ஒரு விசா அனுப்பினார். அப்பாசியாவில் ஓர் இந்தியப் பள்ளி. ஒரு வருடம் பாடம் நடத்தினேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். திசையன்விளையில் ஒரு கடையில் பரோட்டாவுக்கு சால்னா பத்தவில்லை என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது.

போர்க்காலத்தில் நான் அனுபவித்த பற்றாக்குறை அந்த சால்னா ஒன்றுதான். ஊரில் கேட்பார்கள்:

“ஏம்ல பொன்ராசு, குண்டு போடுறதப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எங்க வச்சு?”

“பஞ்சாயத்து டிவில வச்சு.”

இந்த ஜோக்கை வைத்தே அந்த வருடம் முழுவதையும் ஓட்டினேன். அங்கேயே மாட்டிக்கொண்டு ஏழு மாதம் இருந்த குடும்பங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். செய்தியில் கேட்பது போலத் தெரியும்.

போர் முடிந்து, பள்ளி திறக்கப் போகிறது என்று தந்தி வந்ததும் திரும்பிப் போனேன். கட்டடம் நின்றது. உள்ளே ராணுவம் தங்கியிருந்ததால் மர பெஞ்சுகள் எல்லாம் சமையலுக்கு விறகாகிவிட்டிருந்தன. எண்ணெய்க் கிணறுகள் எரிந்த கரி, ஜன்னல் கம்பியில், மின்விசிறி இறக்கையில், சுவரில் எல்லாம் பிசுபிசுவென்று படிந்திருந்தது. ஒரு வாரம் நாங்கள் ஆசிரியர்களே துடைத்தோம். ஐந்து வாளித் தண்ணீர் கறுத்த பிறகும் சுவர் வெளுக்கவில்லை. பெஞ்சு வரும்வரை பிள்ளைகளைக் கம்பளம் விரித்துத் தரையில் உட்கார வைக்க முடிவானது.

தலைமை ஆசிரியை தங்கபாய் மேடம் மார்த்தாண்டத்துக்காரர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. கோபம் வந்தாலும் சத்தம் கூடாது. கண்ணாடியைக் கழற்றுவார், அவ்வளவுதான். கண்ணாடி கழன்றால் நாங்கள் எழுந்து நிற்போம். யார் என்ன கேட்டாலும், ஐந்து வயதுப் பிள்ளை கேட்டாலும், கேள்வியை முழுசாகக் காதில் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, தெரிந்ததை மட்டும் சொல்வார். என் ஜோக்குகளுக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு, “சரி, விஷயத்தச் சொல்லுங்க” என்பார்.

காலை அசெம்பிளியில் பிரார்த்தனை முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்து, “கீழ கிடக்குறத?” என்று கேட்பார். பிள்ளைகள் ஒரே குரலில், “தொடக் கூடாது, எடுக்கக் கூடாது, உதைக்கக் கூடாது” என்பார்கள். வெடிக்காத சாமான்கள் ஊரெங்கும் கிடந்த காலம் அது. வகுப்புக்குள் நுழையும்முன் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பது ஆசிரியர்களின் வேலை. ஒருநாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் பையிலிருந்து ஒரு பித்தளை உருளையை எடுத்து, “சார், உங்களுக்கு” என்று நீட்டியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளையை விலக்கியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? மேசைக்கு அடியில் பாய்ந்தேன். பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் குனிந்து, “சார், இது எங்க வீட்டு ஏசி பைப்போட மூடி” என்றது. மேடத்தின் கண்ணாடி அன்றைக்கு வெகுநேரம் கழன்றே இருந்தது.

மேசை விஷயத்துக்கு வருகிறேன்.

திரும்பி வந்த பிள்ளைகளிடம் எந்தக் காகிதமும் இல்லை. மாற்றுச் சான்றிதழ் கிடையாது. மார்க் ஷீட் கிடையாது. பள்ளி அலுவலகத்தில் இருந்த பழைய பதிவேடுகளும் பெஞ்சுகளோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தன. சில பிள்ளைகள் ஊருக்குப் போய் ஏதோ ஒரு பள்ளியில் கொஞ்சம் படித்திருந்தார்கள். சிலர் ஒரு வருடத்துக்கு மேல் புத்தகத்தையே தொடவில்லை. யாரை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

மேடம் மூன்று மேசை போடச் சொன்னார். முதல் மேசையில் பாஸ்போர்ட்டைப் பார்த்து வயதும், போருக்கு முன் படித்த வகுப்பும் எழுதுவார்கள். இரண்டாவதில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள். மூன்றாவது கணக்கு மேசை. அதில் நான். பத்துக் கணக்கு, பத்து மார்க். ஏழோ அதற்கு மேலோ வந்தால் விட்ட வகுப்பிலேயே உட்காரலாம். நாலு முதல் ஆறு என்றால் ஒரு வகுப்பு கீழே. அதற்கும் குறைந்தால் இரண்டு வகுப்பு கீழே.

அதற்கும் மேலே மேடம் சில விதிகள் வைத்திருந்தார். சிவப்பு மசி கூடாது. விடைக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடக் கூடாது, சரியானதற்கு மட்டும் குறி. திருத்தியவர் முழுப்பெயர் எழுத வேண்டும். கடைசி விதிதான் எங்கள் யாருக்கும் பிடிக்காதது: “எந்தப் பிள்ளைய யாரு கீழ எறக்குனாங்களோ, அவங்களே அன்னைக்குச் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். பியூன்கிட்ட சீட்டு குடுத்து விடக் கூடாது.”

கேள்விகளை நான்தான் தயாரித்தேன். கேள்வித்தாள் இங்கிலீஷில். புரியாத பிள்ளைக்கு அவரவர் பாஷையில் சொல்லலாம். வெறும் எண்ணாகக் கொடுக்காமல் வாழ்க்கையோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. பயிற்சிப் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த வாழ்க்கை என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தவள் ஜெனிட்டா. இரட்டைப் பின்னல், இறுக்கமான வாய். போருக்கு முன் நாலாம் வகுப்பில் இரண்டு மாதம் படித்தவள். பள்ளி மூடியபின் குடும்பம் ஊருக்குப் போகவில்லை. மளமளவென்று எழுதி ஐந்தே நிமிடத்தில் தாளை நீட்டினாள். படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. (குப்பூஸ் என்பது அங்கே பேக்கரியில் வாங்கும் வட்டமான அரபு ரொட்டி.)

‘24 குப்பூஸ், 8 வீடு. சமமாகப் பங்கிட்டால் வீட்டுக்கு எத்தனை?’ அவள் விடை: ‘வீட்டுக்கு 2. மீதி 8 நாளைக்கு.’

‘12 கிலோ அரிசி. தினம் 2 கிலோ சமைத்தால் எத்தனை நாள் வரும்?’ விடை: ‘12 நாள். ஒரு கிலோ சமைத்தால் போதும்.’

‘அம்மா 10 முட்டை வாங்கினார். 3 உடைந்துவிட்டன. மீதி எத்தனை?’ விடை: ‘10. உடைந்ததை இன்றைக்கே பொரிக்கலாம்.’

பத்துக்கு மூன்று. கையெழுத்து, தேதி, முழுப்பெயர். இடைவேளையில் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். முட்டைக் கணக்குக்கு நானே அம்மாவாகவும் முட்டையாகவும் நடித்தேன். இந்தி டீச்சர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “பஸ் கரோ பாய்”, போதும் நிறுத்துங்கள் என்று கெஞ்சினார். கதவுப் பக்கம் பார்த்தேன். மேடம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே வந்து கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். முதல் கேள்வியிலிருந்து பத்தாவது வரை நின்றுகொண்டே வாசித்தார். திட்டவில்லை.

“எந்த கிளாஸ் வருது?”

“நாலுல இருந்து ரெண்டு மேடம்.”

“எறக்குனது நீங்கதானே?”

“ஆமா மேடம்.”

“அப்ப சாயங்காலம் போயிட்டு வாங்க” என்று தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பள்ளியிலிருந்து நடக்கிற தூரம்தான். லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் வெள்ளை யூனிஃபார்மில் இருந்தார். ஜெனிட்டாவின் அம்மா நர்ஸ் என்று முதல் மேசையில் எழுதியிருந்தார்கள்.

“வாங்க சார், இருங்க. டூட்டிக்குக் கெளம்பிட்டேன், இன்னும் இருபது நிமிசம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்து, “ஏ ஜெனி, சாருக்கு சுலைமானி டீ போடு” என்றார். குளச்சல் பக்கத்துப் பேச்சு.

அடி வாங்கப் போகிறவன் முதலில் ஒரு ஜோக்கை அனுப்பிப் பார்ப்பான். நானும் அனுப்பினேன். “சிஸ்டர், உங்க பொண்ணு கையில குடும்பத்தக் குடுத்தா நல்லா மிச்சம் புடிப்பா. ஆனா கணக்குதான்...” என்று இழுத்து, விடைத்தாளைக் காட்டினேன்.

அவர் படித்தார். சிரிக்கவில்லை. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நீங்க அப்ப இங்க இருந்தீங்களா சார்?”

“இல்ல சிஸ்டர். ஊர்ல.”

“நான் ஆஸ்பத்திரில. முதல் நாள்லயிருந்து கடைசி நாள் வரைக்கும். பாதிப் பேரு போயிட்டாங்க, இருக்கிறவங்களுக்கு ரெட்டை டூட்டி. இவங்க அப்பா ஏசி மெக்கானிக், கம்பெனி மூடியாச்சு. அவரு தண்ணிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அலைவாரு. குப்பூஸ் கியூவுல நிக்கிறது இவ. பேக்கரிக்காரன் சின்னப் பிள்ளைன்னு கொஞ்சம் முன்னால விடுவான். இந்தக் கட்டடத்துல பதினோரு வீட்டுல ஆளு இருந்துச்சு சார். எல்லாருக்கும் சேத்து இவதான் வாங்கிட்டு வருவா. படிக்கட்டுல உக்காந்து இவதான் பிரிப்பா.”

“பெரியவங்க யாரும்...?”

“பெரியவங்க பிரிச்சா சண்டை வந்துச்சு. இவ பிரிச்சா வரல.”

சுலைமானி வந்தது. ஜெனிட்டா டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். மடியில் இருந்த தாளைப் பார்த்துவிட்டாள்.

“மறுநாள் கடை தொறக்குமா தொறக்காதான்னு யாருக்கும் தெரியாது. மாவு வந்தாத்தானே? தொறக்காத நாளைக்கு இவ எடுத்து வச்ச குப்பூஸ்தான் அத்தனை வீட்டுக்கும்” என்றார் அம்மா. பிறகு குரலை மாற்றாமல் கேட்டார். “இப்ப எந்த கிளாஸ் சார்?”

“ரெண்டு.”

“அவ தம்பியும் ரெண்டுதான்.”

நான் டம்ளரைப் பார்த்தேன்.

“அது சரிப்படாது சார். எங்க அக்கா ஊர்ல கான்வென்ட்ல சிஸ்டரா இருக்கா. ஹாஸ்டல்ல சேத்துக்கிடுவா, அஞ்சாங் கிளாஸே குடுக்கலாம்னு எழுதியிருக்கா. நான்தான் வேண்டாம்னு வச்சிருந்தேன். செத்தாலும் ஒண்ணா இருப்போம்னுட்டு அந்த ஏழு மாசம் இருந்துட்டோம். இப்ப எல்லாம் சரியான பொறவு பிரியணும் போல.” கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். “வியாழக்கிழமை லிஸ்ட் ஒட்டுவீங்கல்லா? அதப் பாத்துட்டு டிக்கெட் போடுதோம்.”

அவர் பின்னால் ஜெனிட்டா நின்றாள். அம்மாவின் யூனிஃபார்ம் நுனியைப் பிடித்திருந்தாள். அவ்வளவுதான்.

படி இறங்கும்போது இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எந்தப் படியில் உட்கார்ந்து பிரித்திருப்பாள் என்று யோசித்தேன்.

மறுநாள் ஞாயிறு. அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான், ஞாயிறு பள்ளி உண்டு. முதல் மணி அடிக்கும்முன் மேடத்தின் அறையில் நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “மார்க்க மாத்திரலாம் மேடம். பத்துக்குப் பத்து போட்டுர்றேன். அவ எழுதினதுதான் சரி” என்றேன்.

“கேள்வி என்ன கேட்டிருக்கீங்க?”

“சமமா பங்கிடச் சொல்லி.”

“இருபத்திநாலயும்தானே?”

“ஆமா. ஆனா அந்தப் பிள்ளைக்கு...”

“சார், பாவம் பாத்து நாலாங் கிளாஸ்ல போட்டா, மாசப் பரீட்சையில மறுபடி மூணு வாங்குவா. அப்ப வகுப்பே சிரிக்கும். இப்ப நீங்களும் ஸ்டாஃப் ரூமும்தான் சிரிச்சீங்க.”

கண்ணாடி கழன்றிருந்தது. நான் ஏற்கனவே நின்றுகொண்டிருந்ததால் புதிதாக எழ வழியில்லை.

“புதன்கிழமை திரும்ப டெஸ்ட் வைக்கேன். கேள்வி நான் எழுதுவேன், மேசையில நான் இருப்பேன். எறக்குனவர் அங்க உக்காரக் கூடாது. அதுவரைக்கும் நாலாங் கிளாஸ்லயே இருக்கட்டும். ரிஜிஸ்டர்ல பேரப் பென்சில்ல எழுதுங்க.”

“மேடம், கேள்வியில குப்பூஸ் மட்டும் வேண்டாமே.”

“ஏன், மத்தப் பிள்ளைகளுக்கு இருக்குல்லா?” என்றார்.

ஆக, எனக்குக் கிடைத்தது மூன்று நாள். மதிய இடைவேளையில் ஜெனிட்டாவைக் காலி வகுப்பில் உட்கார வைத்தேன். அவளுக்கு வகுத்தல் தெரியுமா என்று பார்க்க முதலில் பென்சில்களைக் கொடுத்தேன். முப்பத்தாறு பென்சில், ஒன்பது பேர். “நாலு” என்றாள், நான் எண்ணி முடிக்கும்முன். பட்டன், கோலிக்குண்டு, பஸ், நாற்காலி எதைக் கொடுத்தாலும் டக் டக்கென்று விடை. அப்போதுதான் அவளுடைய பழைய தாளை ஒழுங்காகப் பார்த்தேன். சரியாக இருந்த மூன்றிலும் சாப்பிடுகிற பொருள் இல்லை. தவறிய ஏழிலும் இருந்தது. பத்துக் கேள்வியில் ஏழு கேள்வி சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தவன் யார் என்று கேட்காதீர்கள். என் தொப்பையைப் பார்த்தாலே தெரியும்.

“சரி, இப்ப இருபது குப்பூஸ். அஞ்சு வீடு.”

“மூணு.”

“ஜெனி, இது நெஜக் குப்பூஸ் இல்லம்மா. பள்ளிக்கூடத்துக் குப்பூஸ். இதுக்கு யாருக்கும் பசிக்காது.”

“அப்ப எதுக்கு சார் பங்கிடணும்?”



மறுநாள் ஒரு கட்டு குப்பூஸையே வாங்கிக்கொண்டு போனேன். தரையில் பேப்பர் விரித்து, சாக்பீஸால் ஐந்து வட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் வீடு என்றேன். அவள் வீட்டுக்கு வீடு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். மூன்று சுற்று முடிந்ததும் மிச்சத்தைப் பேப்பரில் சுற்றிக் காற்றுப் புகாமல் ஓரத்தை மடித்தாள். அந்த மடிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது. கடைக்காரன்கூட அப்படி மடிக்க மாட்டான்.

“அதையும் குடுத்துரும்மா.”

“நாளைக்கு?”

“நாளைக்கா? நாளைக்கு பேக்கரிக்காரன் ஒட்டகத்து மேல ஏறி உங்க மூணாவது மாடிக்கே வருவான். ‘ஜெனிட்டா மேடம், எத்தனை வேணும்?’னு சலாம் போடுவான். நீ, ‘மாஃபி, ஒண்ணும் வேண்டாம், போய்ட்டு அப்புறம் வா’ன்னு சொல்லப் போற” என்று ஒட்டகமாகவும் பேக்கரிக்காரனாகவும் நடித்தேன். வாசலில் எட்டிப் பார்த்த இரண்டாம் வகுப்புக் கூட்டம் கைதட்டியது. ஜெனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு பேப்பர் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. கெஞ்சினேன். “ஒரே ஒரு நாளைக்கு, பரீட்சைத் தாள்ல மட்டும், மிச்சம் வைக்காம எழுதிரு. உனக்காக இல்ல, எனக்காக.” அவள் தலையாட்டினாள். சரி என்று ஆட்டினாளா, முடியாது என்று ஆட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் பள்ளி விட்டதும் அவள் அப்பா கேட்டுக்கு வெளியே நின்றார். என்னைப் பார்த்து, “லிஸ்ட் வியாழக்கிழமைதானே சார்?” என்று மட்டும் கேட்டார். சட்டைப் பையில் டிராவல்ஸ் கார்டு ஒன்று தலைநீட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மூன்றாவது பீரியட். மேடத்தின் அறைக்கு வெளியே ஒரு ஃபைல் அலமாரி உண்டு. அதில் எனக்குத் தேவையான ஃபைல் எதுவும் கிடையாது. ஆனாலும் ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை மும்முரமாகத் தேடினேன். கதவு அரைவாசி திறந்திருந்தது. மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் ஜெனிட்டா, நாற்காலி உயரத்தால் கால் தரையைத் தொடவில்லை.

முதல் மூன்று கணக்கு ஓடிவிட்டது. நாலாவதில் பென்சில் நின்றது. எனக்குத் தெரியும், அதுதான். ‘30 குப்பூஸ், 6 வீடு.’ பிறகு தெரிந்துகொண்டேன், என்னுடைய அந்த ஒரு கேள்வியில் மேடம் எண்ணை மட்டும்தான் மாற்றியிருந்தார். ஜெனிட்டா ஏதோ எழுதப் போனாள். நிறுத்தினாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

“மிஸ்.”

“சொல்லு.”

“நாளைக்குக் கடை தொறக்குமா மிஸ்?”

நான் ‘எம்’ ஃபைலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். கோபமில்லாமல் அவர் கண்ணாடியைக் கழற்றி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எந்தக் கடை? கிராசரி பக்கத்துல இருக்கே, அந்த பேக்கரியா?”

“ஆமா மிஸ்.”

மேடம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“தொறக்கும். இன்னைக்குக் காலையில நானே போய் வாங்கினேன். லாரியில இருந்து மாவு மூட்டை எறக்கிக்கிட்டு இருந்தாங்க. நெறைய மூட்டை.”

“வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமை காலையில தொறக்க மாட்டான். தொழுகை முடிஞ்சு சாயங்காலம் தொறப்பான்.”

“சனிக்கிழமை?”

“சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கே தொறந்திருவான்.”

ஜெனிட்டா கொஞ்ச நேரம் மேடத்தின் முகத்தையே பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, தாளில் ஓர் எண்ணை எழுதி, அடுத்த கணக்குக்குப் போனாள். கால்கள் நாற்காலிக்குக் கீழே ஆட ஆரம்பித்தன.

பத்துக்கு ஒன்பது. குப்பூஸ் கணக்குக்கு எதிரே ‘5’ என்று மட்டும் இருந்தது, வேறு ஒரு வார்த்தை இல்லை. தவறிய ஒன்று, ‘12 ஆரஞ்சில் 4 அடிபட்டுவிட்டது, நல்லது எத்தனை?’ அதற்கு, ‘12. அடிபட்ட இடத்தை வெட்டிவிடலாம்’ என்று எழுதியிருந்தாள். மேடம் அதற்கு மார்க் தரவில்லை. “ஆரஞ்ச விட்டுக் குடுக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மெதுவா வரட்டும்” என்றார். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளி, தன் பேனாவைக் கொடுத்தார். நாலாம் வகுப்பு, வரிசை எண் பதினேழு. பென்சில் எழுத்தின் மேலேயே மசியால் எழுதினேன். ‘J’ கொஞ்சம் கோணிவிட்டது. நேர்கோட்டில் எழுதுவதற்கென்றே இரண்டு வருடம் படித்தவன்.

ஜெனிட்டா வராந்தாவில் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தம்பி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை, ஊருக்கும் போக வேண்டியதில்லை, அம்மாவிடம் நீயே போய்ச் சொல் என்றேன். முதல் முறையாக அந்த இறுக்கமான வாய் தளர்ந்து, முன்பல் ஒன்று விழுந்திருப்பது தெரிந்தது. அத்தோடு போயிருக்கலாம். ஆனால் மூன்று நாள் ஒட்டகமாக உழைத்த எனக்கு மனசு ஆறவில்லை.

“ஏம்மா, நானும்தானே மூணு நாளா சொன்னேன், நாளைக்குக் கடை தொறக்கும்னு? என்கிட்ட ஏன் ஒரு தடவகூட கேக்கல?”

அவள் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“நீங்க சிரிப்பீங்க சார்.”